போகும்போது ஊர்ல என்ன மிச்சம்? திருச்செந்தூர் கடற்கரையும் தேடி வர்ற முதலீடும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு எங்க ஊர்க் கதை. திருச்செந்தூர்ல ஆரம்பிச்சு, தூத்துக்குடி வரைக்கும் ஒரு 40 கிலோமீட்டர் கடற்கரை. முருகன் கோயில், மொட்டை, பஞ்சாமிர்தம், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் பேசப் போறது அந்தக் கடற்கரையோட பொருளாதாரத்தைப் பத்தி. போரடிக்காது, பயப்படாதீங்க.

2025 ஆகஸ்ட் மாசத்தை மட்டும் எடுத்துக்கோங்க. ஆகஸ்ட் 4ஆம் தேதி தூத்துக்குடி சிப்காட்ல வியட்நாம் கம்பெனி வின்ஃபாஸ்ட்டோட எலெக்ட்ரிக் கார் ஃபேக்டரியை முதலமைச்சர் திறந்து வெச்சார். அதே நாள் அதே ஊர்ல நடந்த முதலீட்டாளர் மாநாட்டுல 41 ஒப்பந்தம், 32,554 கோடி ரூபாய், கிட்டத்தட்ட 50 ஆயிரம் வேலைன்னு அறிவிச்சாங்க. அதே மாசம் திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரப்பட்டினத்துல இஸ்ரோ ராக்கெட் ஏவுதளம் கட்டறதுக்கு பூமி பூஜை போட்டாங்க.

ஆகஸ்ட் 27ஆம் தேதி இன்னொண்ணு நடந்தது. இந்தியப் பொருட்கள் மேல அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதமாச்சு. தூத்துக்குடியில இறாலை உரிச்சு, தரம் பிரிச்சு, உறைய வெச்சு கன்டெய்னர்ல ஏத்தற ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு அது தலையில விழுந்த இடி. ஏன்னா இந்தியக் கடல் உணவை அதிகமா வாங்கறதே அமெரிக்காதான். 2024-25ல மட்டும் சுமார் 2.7 பில்லியன் டாலருக்கு வாங்கினாங்க.

ஒரே கடற்கரை, ஒரே மாசம். ஒரு பக்கம் ரிப்பன் வெட்டறாங்க, இன்னொரு பக்கம் ஆர்டர் நிக்குது.

அந்தச் சமயத்துல எங்க சித்தி பையன் போன் பண்ணான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சவன். "யக்கா, இங்க புதுசா வாற ஃபேக்டரில சேந்துரட்டா, இல்ல மாமா சொல்ற மாதிரி கத்தாருக்குப் போயிரட்டா?"ன்னு கேட்டான். "உள்ளூர்லயே வேலைன்னா நல்லதுதானடா"ன்னேன். அதுக்கு அவன், "நல்லதுதான்க்கா. ஆனா உலகம் பூரா டல்லா இருக்குங்காங்க. நாலு வருசத்துல மூடிட்டுப் போயிட்டான்னா நான் என்ன செய்ய?"ன்னான்.

எனக்கு உடனே பதில் வரல. இந்த எபிசோட் முழுக்க அவனுக்குச் சொல்ல நினைச்ச பதில்தான்.

வந்தவங்க, போனவங்க

முதலீடுன்னா புதுசா ஏதோ இப்பத்தான் எங்க ஊருக்கு வருதுன்னு நினைக்காதீங்க. பல நூறு வருஷமா வந்துக்கிட்டும் போய்க்கிட்டும்தான் இருக்கு.

முதல்ல முத்து. கொற்கை முத்து சங்க காலத்துலயே பேர் போனது. அப்புறம் போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர்னு வரிசையா வந்த எல்லாருக்கும் இந்தக் கடல்ல கண்ணு முத்து மேலதான். மூச்சடக்கி மூழ்கினது பரதவர். விலையை முடிவு பண்ணது வேற யாரோ.

20ஆம் நூற்றாண்டுல ரெண்டு அடி விழுந்தது. ஜப்பான்ல மிகிமோட்டோ வளர்ப்பு முத்தை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பின்னாடியே 1929 பெருமந்தம். நகை வாங்கவே ஆள் இல்லை. உலகத்துல இதுல அதிகமா அடிபட்டது எது தெரியுமா? பஹ்ரைன், குவைத், கத்தார் மாதிரி வளைகுடா ஊர்கள். முத்தை மட்டும் நம்பி இருந்த ஊர்கள் அப்படியே படுத்துடுச்சு. அப்புறம் அங்க எண்ணெய் கிடைச்சது. பஹ்ரைன்ல 1932, குவைத்துல 1938. எங்க தம்பி வேலைக்குப் போகலாமான்னு யோசிக்கிற அதே வளைகுடா, ஒரு காலத்துல எங்களை மாதிரியே ஒரு முத்துக் கடற்கரை.

எங்க பக்கம் எண்ணெய் கிடைக்கல. சிப்பிப் படுகைகள் சில வருஷம் கொடுக்கும், பல வருஷம் கொடுக்காது. கடைசியா 1961ல தூத்துக்குடியில முத்துக்குளிப்பு நடந்தது. அதோட முடிஞ்சது. மிச்சம் என்னன்னா, "முத்துநகர்"ங்கிற பேரு. ஒரு எக்ஸ்பிரஸ் ரயிலுக்கும் அதே பேரு.

ரெண்டாவது கதை உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்காது. 20ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல பாரி கம்பெனி குலசேகரப்பட்டினத்துல பனையிலிருந்து சர்க்கரை எடுக்கற ஆலை நடத்தினாங்க. அந்தப் பக்கம் பூரா பனங்காடு, பதநீருக்குப் பஞ்சமே இல்லை. திருச்செந்தூர்லேர்ந்து குலசை, உடன்குடி வழியா திசையன்விளை வரைக்கும் ஒரு குட்டி ரயில்கூட ஓடுச்சு. தேரிக்காட்டு மணல்ல ரயில்! யோசிச்சுப் பாருங்க.

ஆலை ஒரு கட்டத்துல நின்னுது. ரயில் 1940ல நின்னுது. தண்டவாளமும் போச்சு. இன்னிக்கு உடன்குடியில நின்னு "இங்க ரயில் ஓடுச்சு"ன்னு சொன்னா, சின்னப் பசங்க சிரிப்பாங்க.

ஆனா உடன்குடிக் கருப்பட்டி இன்னிக்கும் இருக்கு. புவிசார் குறியீடும் வாங்கியிருக்கு. ஏன் அது மட்டும் தங்குச்சு? பனை ஏறத் தெரிஞ்சவங்க ஊர்க்காரங்க. பதநீரைக் காய்ச்சி, எந்தப் பதத்துல இறக்கணும்னு தெரிஞ்சது வீட்டுப் பொம்பளைங்களுக்கு. அந்தத் தொழில் ஆலையோட கேட்டுக்கு உள்ள இல்ல, அடுப்பங்கரையில இருந்தது. கம்பெனி போச்சு, கைத்தொழில் தங்குச்சு.

இதுதான் எனக்குப் பட்ட விஷயம். எந்த முதலீடும் நிரந்தரம் கிடையாது. எவ்வளவு கோடி வருதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. அது ஒருநாள் போகும்போது நம்ம கையில என்ன விட்டுட்டுப் போகும்ங்கிறதையும் சேர்த்துக் கேக்கணும். மந்தமான காலத்துல இந்தக் கேள்வி இன்னும் அவசரம்.

25 ரூபாய் ஷேர்

வெளியூர்க்காரன் வர்ற வரைக்கும் காத்திருக்காம, ஊர்க்காசையே திரட்டின கதையும் எங்க கடற்கரையில இருக்கு. 1906 அக்டோபர்ல வ.உ.சி. தூத்துக்குடியில சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு பண்ணார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 40 ஆயிரம் ஷேர், ஒரு ஷேர் 25 ரூபாய். இன்னிக்கு நாம சொல்ற கிரவுட் ஃபண்டிங்தான். 'காலியா', 'லாவோ'ன்னு ரெண்டு கப்பல் வாங்கி கொழும்புக்கு விட்டாங்க.

போட்டிக்கு இருந்த பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைச்சுது. ஒரு கட்டத்துல சும்மாவே ஏத்திட்டுப் போறோம்னாங்க. 1908 மார்ச்ல வ.உ.சி. கைது. 1911க்குள்ள கம்பெனியைக் கலைச்சாச்சு. பணம் போட்டவங்களோட தேசபக்தி உண்மை. ஆனா ஒரு தலைவர் ஜெயிலுக்குப் போனா நிக்கக்கூடிய நிர்வாகமும், நஷ்டத்தைத் தாங்கக்கூடிய வங்கிப் பலமும் பின்னாடி இல்லை.

பத்து வருஷம் கழிச்சு அதே ஊர்ல இன்னொரு முயற்சி. முதல் உலகப்போர் முடிஞ்சு 1920-21ல உலகம் முழுக்க விலைகள் சரிஞ்ச நேரம். அந்த நேரத்துல, 1921ல, நாடார் வணிகர்கள் சேர்ந்து தூத்துக்குடியில 'நாடார் வங்கி'யை ஆரம்பிச்சாங்க. கடைக்காரங்க, வியாபாரிங்க போட்ட காசு. 1962ல பேரு 'தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி' ஆச்சு. 1990கள்ல பெரும்பாலான பங்குகள் வெளியார் கைக்குப் போனப்ப, அதை மீட்க ஒரு இயக்கமே நடந்தது. 2022ல பங்குச் சந்தையில பட்டியலாச்சு. நூறு வருஷம் தாண்டியும் தலைமை அலுவலகம் தூத்துக்குடியிலதான்.

ஒரே ஊர், ஊர்க்காசு, ரெண்டு முடிவு. கப்பல் கம்பெனி நேரா ஒரு பெரிய போட்டியாளரோட மோதுச்சு. வங்கி ஆயிரக்கணக்கான சின்ன வியாபாரத்துக்கு அடியில மெத்தை மாதிரி நின்னுது. ஒரு கடை மூடினாலும் இன்னொரு கடை நடக்கும். மந்தம் வரும்போது தாக்குப்பிடிக்கிறது இப்படிப் பரவி நிக்கிற பணம்தான்.

அங்க தள்ளிப் போச்சு, இங்க திறந்தாச்சு

சரி, இன்னிக்கு நிலவரத்துக்கு வருவோம். உலகம் டல்லா இருக்கும்போது எங்க ஊருக்கு மட்டும் ஏன் ஒரு கார் ஃபேக்டரி வருது?

வின்ஃபாஸ்ட் அமெரிக்காவுல நார்த் கரோலினாவுல 4 பில்லியன் டாலர்ல ஒரு ஃபேக்டரி அறிவிச்சிருந்தாங்க. எலெக்ட்ரிக் கார் விற்பனை எதிர்பார்த்த வேகத்துல போகல. 2024 ஜூலையில, "அந்த ஃபேக்டரி 2028லதான்"னு தள்ளி வெச்சாங்க. அதே கம்பெனி தூத்துக்குடியில 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டி, 17 மாசத்துல உற்பத்தியைத் தொடங்கிட்டாங்க.

கையில காசு இறுகும்போது கம்பெனிகள் எதை முதல்ல வெட்டும்? செலவு அதிகம், பலன் தூரத்துல இருக்கிற திட்டத்தை. எதை வெச்சுக்கும்? சீக்கிரம் முடியும், செலவு குறைவு, பக்கத்துலயே சந்தை இருக்குன்னு தெரியற திட்டத்தை. தூத்துக்குடியில 400 ஏக்கர் நிலம் சிப்காட் கையில தயாரா இருந்தது. துறைமுகம் பக்கத்துலயே, 1974லேர்ந்து அது பெரிய துறைமுகம். முழுசா தயாரான காரை இந்தியாவுக்குள்ள கொண்டுவர அதிக வரி கட்டணும். இங்கயே பொருத்தினா அது குறையும். மந்தமான நேரத்துல ஒரு ஊர் முதலீட்டை இழுக்கணும்னா, மானியத்தை அள்ளிக் கொடுக்கறது மட்டும் போதாது. நிலம், மின்சாரம், தண்ணி, ரோடு, அனுமதி எல்லாம் முன்கூட்டியே தயாரா இருக்கணும். மந்தம் வந்த பிறகு ஓடினா கிடைக்காது.

குலசைக்கும் இதே மாதிரி ஒரு காரணம் இருக்கு. அதை இயற்கையே கொடுத்தது. ஸ்ரீஹரிகோட்டாவுலேர்ந்து தெற்கே ராக்கெட் விட்டா நடுவுல இலங்கை வரும். அதைச் சுத்திப் போகணும். எஸ்.எஸ்.எல்.வி. மாதிரி சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவுலயே எரிபொருள் வீணாகும். குலசையிலேர்ந்து நேரா தெற்கே கடல்தான். 2,233 ஏக்கர்ல ஏவுதளம் வருது. பாரியோட குட்டி ரயில் போன அதே குலசைதான்!

இப்ப நான் நியாயமாவும் பேசணும். ஒப்பந்தம்ங்கிறது வாக்குறுதி. 41 ஒப்பந்தம்னா 41 ஃபேக்டரி கிடையாது. வின்ஃபாஸ்ட்டும் உலக அளவுல நஷ்டத்துல ஓடற கம்பெனிதான். ஆரம்பத்துல பாகங்களை வெளியிலேர்ந்து கொண்டுவந்து இங்க பொருத்தறாங்க. வருஷத்துக்கு 50 ஆயிரம் கார் திறன், 3,000லேர்ந்து 3,500 பேருக்கு நேரடி வேலைன்னு சொல்லியிருக்காங்க. எங்க தம்பியோட பயம் வெட்டிப் பயம் இல்லை.

தங்கறதுக்கு என்ன வேணும்?

முதல் விஷயம், சுத்தியிருக்கிற சின்னக் கம்பெனிகள். கார் ஃபேக்டரி போர்டைவிட முக்கியம், அதுக்கு சீட் கவர், ஒயரிங், பிளாஸ்டிக் பாகம், பேக்கிங், கேன்டீன், பஸ்ஸுன்னு கொடுக்கற நூறு சின்ன யூனிட். இதெல்லாம் உள்ளூர்ல வளர்ந்தா, பெரிய கம்பெனி போனாலும் அதே மிஷின்ல வேற ஆளுக்கு வேலை செய்யலாம். ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு பெரிய கம்பெனி மூடினப்பக்கூட, சுத்தி உருவான சப்ளையர்களும் தொழில் தெரிஞ்சவங்களும் இருந்ததாலதான் அந்தப் பகுதி மறுபடி எழுந்துச்சு.

ஆனா மந்தம் வந்தா முதல்ல சாகறது இந்தச் சின்ன யூனிட்தான். ஆர்டர் இல்லாம இல்லைங்க, பில் பணம் வராம! பெரிய கம்பெனி "அடுத்த மாசம் பார்க்கலாம்"னு இழுக்கும். இவங்க சம்பளம் கொடுக்க வட்டிக்கு வாங்குவாங்க. 2006ல வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளைக்குள்ள பணம் கொடுத்தாகணும். எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்தான். 2024 ஏப்ரல்லேர்ந்து வருமான வரியிலயும் ஒரு கிடுக்கிப்பிடி வந்திருக்கு. குறு, சிறு யூனிட்டுக்கு நேரத்துல பணம் கொடுக்கலைன்னா, வாங்கின கம்பெனி அதை அந்த வருஷச் செலவா காட்ட முடியாது. ட்ரெட்ஸ்னு ஒரு ஆன்லைன் வசதி இருக்கு. பெரிய கம்பெனி ஏத்துக்கிட்ட பில்லை வெச்சு, கொஞ்சம் கழிவோட முன்கூட்டியே பணம் வாங்கலாம். சொந்தமா யூனிட் வெச்சிருக்கிற உங்க அப்பா, மாமா யாராவது இருந்தா, இன்னிக்கே இதைச் சொல்லுங்க. நிறைய பேருக்குத் தெரியாது.

ரெண்டாவது, ஒரே வாடிக்கையாளரை நம்பாம இருக்கறது. முத்துல கத்துக்காததை இறால்லயாவது கத்துக்கணும். ஐரோப்பா, ஜப்பான், சீனான்னு ஆர்டரைப் பிரிச்சு வெச்சிருந்தவங்க அந்த ஆகஸ்ட்டைக் கொஞ்சம் தாங்கினாங்க. பிரிட்டனோட 2025 ஜூலையில வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. உறைய வெச்ச இறாலை அப்படியே அனுப்பறதுக்குப் பதிலா, மசாலா தடவி, பொரிக்கத் தயாரா அனுப்பினா இன்னும் பல கடைக் கதவு திறக்கும். அந்த வரி நாளைக்கு ஏறலாம், இறங்கலாம். உரிக்கிற மேசையில நிக்கிற பெண்களோட தினக்கூலி ஒரே நாட்டோட முடிவுல தொங்கக் கூடாது.

மூணாவது, கொஞ்சம் வலிக்கிற விஷயம். ஊரோட சம்மதம். மந்தமான நேரத்துல "எது வந்தாலும் சரி"ன்னு ஒரு மனநிலை வரும். தூத்துக்குடி அதுக்கு விலை கொடுத்த ஊர். 2018 மே மாசம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்துல போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல 13 பேர் செத்தாங்க. அதே மாசம் ஆலைக்கு சீல். 2024 பிப்ரவரியில உச்ச நீதிமன்றமும் திறக்க அனுமதி மறுத்தது. அந்த ஆலையை நம்பி இருந்த லாரி டிரைவர்களும், கான்ட்ராக்ட் தொழிலாளிகளும் வேலை இழந்தாங்க, அதையும் மறைக்கக் கூடாது. காத்து, தண்ணி பத்தின கேள்விக்கு ஆரம்பத்துலயே நேர்மையா பதில் சொல்லியிருந்தா, ரெண்டு பக்கமும் இவ்வளவு இழந்திருக்க வேண்டியதில்லை. சம்மதம் வாங்காத முதலீடு எப்பவும் கடன் வாங்கின முதலீடுதான். ஒருநாள் வட்டியோட கேக்கும்.

நாலாவது, தண்ணி. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னுபோய், சுமார் 800 பயணிகள் மாட்டிக்கிட்டாங்க. பக்கத்துக் கிராமத்து ஜனங்கதான் சோறு போட்டாங்க. அந்த மனசுக்குக் கும்பிடு. ஆனா அடுத்த தடவை மழை வரும்போது ஃபேக்டரி கேட்டுல லாரி நிக்கக் கூடாதுன்னா, குளமும் ஓடையும் தாமிரபரணிக் கரையும் சரியா இருக்கணும். குளம் தூர்வாரறதும் முதலீட்டை ஈர்க்கற வேலைதான். அதுக்கு மட்டும் யாரும் ரிப்பன் வெட்ட வர்றதில்லை.

தம்பிக்குச் சொன்னது

ரெண்டு நாள் கழிச்சு நானே அவனுக்கு போன் பண்ணேன். "சேருடா. ஆனா சேர்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கோ"ன்னேன்.

"ஒண்ணு, அங்க உனக்குக் கத்துக் கொடுக்கப் போறது இன்னொரு கம்பெனியிலயும் செல்லுமா? பேட்டரி, ரோபோ வெல்டிங், தரச் சோதனை மாதிரி வேலைன்னா செல்லும். ஒரே நட்டை மூணு வருஷம் முடுக்கறதுன்னா செல்லாது. ரெண்டு, நீ கம்பெனி ரோல்லயா, கான்ட்ராக்ட்லயா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? மூணு, அந்த வேலையைக் கத்துக்கிட்டு நாளைக்கு நம்ம ஊர்ல நீயே ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் போட முடியுமா?"

அவன் சிரிச்சான். "யக்கா, மூணாவது கேள்வியை எங்க அப்பா ஏற்கெனவே கேட்டுட்டாரு"ன்னான். எங்க சித்தப்பா வேன் ஓட்டறவரு. அவருக்கு யாரும் பொருளாதாரம் சொல்லித் தரல. உடன்குடிக் கருப்பட்டி ஏன் தங்குச்சுன்னு அவருக்கு நான் விளக்கத் தேவையே இருந்திருக்காது.

தம்பி இன்னும் முடிவு எடுக்கல. கத்தார் விசாவுக்கும் பேப்பர் போட்டு வெச்சிருக்கான். அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அவன் போனாலும் கையில ஒரு தொழிலோட போகணும், திரும்பி வந்தா இறங்க ஊர்ல ஒரு இடம் இருக்கணும். அந்த இடத்தை உண்டாக்கறதுதான் உள்ளூர்ப் பொருளாதாரத்தைத் தாங்கிப் பிடிக்கறதுன்னு நான் நினைக்கிறேன்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்க ஊர்லயும் மூடின மில் ஒண்ணு, நின்னுபோன ஆலை ஒண்ணு இருக்கும். வீட்டுல பெரியவங்ககிட்ட கேளுங்க, "அது போனப்ப ஊர்ல என்ன மிஞ்சுச்சு?"ன்னு. கிடைக்கிற பதிலை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சிலதைப் போட்டுக் கேப்போம்.

அதுவரைக்கும், போயிட்டு வர்றேன்.